மொய் நோட்டில் ஏறாத கணக்கு: தியாகம் எப்போது மகிழ்ச்சி தரும்?

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்து வீட்டுக்குப் போனால் பந்தல் வாசலிலேயே மேசை போட்டிருப்பார்கள். ஒருவர் நோட்டில் எழுதுவார். பக்கத்தில் இருப்பவர் பணத்தை எண்ணி வாங்குவார். இன்னொருவர் மைக்கில் வாசிப்பார்: இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார், ஆயிரத்து ஒன்று. இப்போது பல இடங்களில் நோட்டுக்குப் பதில் லேப்டாப். கையோடு ரசீதும் கிடைத்துவிடுகிறது. விசேஷம் முடிந்ததும் அந்தக் கணக்கு பீரோவுக்குள் போகும். பணம் வைத்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது, வாங்கியதோடு கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்வார்கள். இதற்குச் செய்முறை என்று பெயர். இதை யாரும் தியாகம் என்று சொல்வதில்லை. திரும்பி வரவேண்டிய பணம் என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

அதே பந்தலில், பந்திக்குத் தண்ணீர் வைத்தபடி ஓர் அக்கா ஓடிக்கொண்டிருப்பாள். தம்பி படிக்கட்டும் என்று தன் படிப்பை நிறுத்தியவள். அவள் கொடுத்ததற்கு ரசீது கிடையாது, மைக்கில் அறிவிப்பும் கிடையாது. ஆனால் அவள் மனசுக்குள் ஒரு நோட்டு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தியாகம் மனிதரை நிறைவாக வைக்குமா, உள்ளுக்குள் அரிக்குமா என்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது நோட்டைப் பொறுத்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

எதைத் தியாகம் என்கிறோம்?

தியாகம் வடசொல், அடிப்படைப் பொருள் ‘விடுதல்’. நம் பேச்சில் அந்த ஒரே சொல் பல வேலை பார்க்கிறது. நாளைக்கு நமக்கே கிடைக்கப்போகும் ஒன்றுக்காக இன்றைய சுகத்தை விடுவது உண்டு. தேர்வுக்குப் படிப்பவர் சினிமாவை விடுவது போல. அது உண்மையில் முதலீடு. சாமியிடம் கேட்டது கிடைத்தால் கிடா வெட்டுகிறேன் என்பது நேர்த்திக்கடன். அதன் பெயரிலேயே கடன் இருக்கிறது. அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதியில் நிற்பவருக்கு அதில் எந்தக் குழப்பமும் இல்லை. மூன்றாவது, பிறருக்காக நம்முடையதை விடுவது. சிக்கல் எல்லாம் இந்த மூன்றாவதில்தான்.

மகிழ்ச்சி என்பதும் இரண்டு பொருளில் புழங்குகிறது. ஒன்று அந்த நேரத்துச் சந்தோஷம்: விளக்குத்தூண் பக்கம் நின்று குடிக்கும் ஜிகர்தண்டா. இன்னொன்று மனநிறைவு: திரும்பிப் பார்க்கும்போது ‘சரியாத்தான் இருந்திருக்கோம்’ என்று தோன்றுவது. 2,300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பேசினார். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு ராத்திரி முழுக்க நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போடும் அப்பத்தாவுக்கு அந்த இரவில் சந்தோஷம் துளியும் கிடையாது. ஆனால் அந்த இரவை யாராவது அவரிடமிருந்து பிடுங்க முடியுமா? தியாகம் முதல் வகையை உடனே குறைக்கும்; அது நிச்சயம். இரண்டாவதைக் கூட்டலாம், கூட்டாமலும் போகலாம். எது நடக்கும் என்பதற்குச் சில நிபந்தனைகள் இருக்கின்றன.

வள்ளுவர் இதில் ஒரு கோடு போட்டிருக்கிறார். இல்லாதவனுக்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் ‘குறியெதிர்ப்பை’ என்கிறது 221-ஆம் குறள். அளந்து கொடுத்து, அதே அளவு திரும்ப வாங்கிக்கொள்ளும் கைமாற்றுக்குத்தான் குறியெதிர்ப்பை என்று பெயர். பக்கத்து வீட்டில் ஆழாக்குச் சர்க்கரை வாங்குவது போல. கைமாற்றில் தப்பே இல்லை. கைமாற்றாகக் கொடுத்துவிட்டு ஈகை என்று சொல்லிக்கொள்வதில்தான் வினை தொடங்குகிறது.

ஆய்வுகள் சொல்வது

2008-இல் கனடாவில் உளவியலாளர் எலிசபெத் டன் குழுவினர் 46 பேரிடம் காலையில் ஓர் உறையைக் கொடுத்தார்கள். உள்ளே 5 டாலர் அல்லது 20 டாலர். மாலை 5 மணிக்குள் செலவழிக்க வேண்டும். சிலர் தமக்காக, சிலர் பிறருக்காக. மாலையில் விசாரித்தபோது பிறருக்குச் செலவழித்தவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை 5 ஆ 20 ஆ என்பது வித்தியாசம் செய்யவில்லை. வேடிக்கை என்னவென்றால், எது மகிழ்ச்சி தரும் என்று வேறு மாணவர்களிடம் முன்கூட்டியே கேட்டபோது ‘20 டாலர், எனக்கே’ என்ற பக்கம்தான் அதிகம் பேர் சாய்ந்தார்கள்.

இதை மட்டும் வைத்துக்கொண்டு ‘கொடுத்தால் சந்தோஷம்’ என்று மேடையில் பேசிவிடலாம். பேசுகிறார்கள். ஆனால் 2010-இல் நெட்டா வைன்ஸ்டைன், ரிச்சர்ட் ரயான் இருவரும் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஒரு கடிவாளம் போட்டது. தானாக விரும்பி உதவியபோதுதான் உதவியவரின் மனநலம் கூடியது. கட்டாயத்துக்காக, குற்றவுணர்வுக்காக உதவியபோது கூடவில்லை. உதவி பெற்றவருக்கும் அப்படியே: விருப்பத்தோடு வந்த உதவியில்தான் அவருக்கும் பலன் அதிகம். வேண்டாவெறுப்பாகப் போட்ட சோறு தொண்டையில் இறங்காது என்று நம் வீடுகளில் சொல்வதும் இதுதான்.

இன்னும் கூர்மையானது 2005-இல் எமிலி இம்பெட் குழுவினர் செய்தது. காதல் உறவில் இருந்தவர்களை இரண்டு வாரம் தினமும் குறிப்பு எழுதச் சொன்னார்கள்: இன்று துணைக்காக எதை விட்டுக்கொடுத்தீர்கள், ஏன்? ‘அவர் சந்தோஷப்படுவார்’ என்பதற்காக விட்டுக்கொடுத்த நாள்களில் மனம் நன்றாக இருந்தது. ‘சண்டை வரக்கூடாது’ என்பதற்காக விட்டுக்கொடுத்த நாள்களில் எரிச்சலும் பூசலும் கூடின. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு நாளும் ஒரே செயல்தான். ஒன்றை ஆசை தள்ளியது, மற்றொன்றைப் பயம் தள்ளியது.

நம் ஊரில் அந்தப் பயத்துக்கு ‘நாலு பேர்’ என்று பெயர்.

விரதம் ஏன் கசப்பதில்லை?

கார்த்திகையில் மாலை போட்டவர் 41 நாள் கறி, மீன், குடி, செருப்பு, மெத்தை எல்லாவற்றையும் விடுகிறார். தைப்பூசத்துக்கு மதுரையிலிருந்து பழனிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறவர் கால் கொப்புளத்தோடு வீடு திரும்புகிறார். இவர்களில் பெரும்பாலோர் அடுத்த ஆண்டும் போகிறார்கள். அமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும். தொடங்கும் நாளும் முடியும் நாளும் முதலிலேயே தெரியும். முடிவு எடுத்தவர் அவரே. கூட நடக்க ஆள் உண்டு, வழியில் மோர் கொடுக்க ஆள் உண்டு. முடிந்ததும் மாலையைக் கழற்ற ஒரு சடங்கு உண்டு. கழற்றியபின் எல்லாம் பழையபடி. வாழ்நாள் முழுக்க மாலையோடு இருக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

கூடுதலாக ஒரு பலனும் இருக்கிறது. 2013-இல் ஜோர்டி குவாய்ட்பாக், எலிசபெத் டன் இருவரும் சிலரை ஒரு வாரம் சாக்லேட்டே தொடாமல் இருக்கச் சொன்னார்கள், சிலருக்கு நிறையக் கொடுத்தார்கள், சிலரை விருப்பம்போல விட்டார்கள். வாரம் முடிந்து எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தபோது, விட்டிருந்தவர்களே அதிகம் ரசித்தார்கள். புரட்டாசி முடிந்த மறுநாள் கறிக்கடையில் நிற்கும் வரிசைக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

குடும்பத் தியாகத்தில் இந்த உறுப்புகள் பெரும்பாலும் இருப்பதில்லை. முடியும் நாள் இல்லை, கழற்றும் சடங்கு இல்லை, சில சமயம் முடிவு எடுத்தவரே வேறு யாரோ.

மேலமாசி வீதியில் ஒரு முடிவு

மதுரையில் எல்லோருக்கும் தெரிந்த துறவு ஒன்று இருக்கிறது. ஆனால் அதன் நுணுக்கம் பலருக்குத் தெரியாது. 1921 செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில் காந்தி மேல்சட்டையையும் தொப்பியையும் விட்டு அரையாடைக்கு மாறினார். ஒரே இரவில் தோன்றிய உணர்ச்சிவேகம் என்று நினைப்போம். அதற்கு முன்பே இரண்டு முறை யோசித்துத் தள்ளிப்போட்டிருந்தார். மதுரையில் முடிவெடுத்தபோதும் ‘இனி என்றென்றும்’ என்று அறிவிக்கவில்லை. குறைந்தது அக்டோபர் 31 வரை என்றுதான் எழுதினார். தேவைப்பட்டால் உடம்பைக் காக்க மேலே ஒரு துண்டு போர்த்திக்கொள்வேன் என்று விலக்கும் வைத்துக்கொண்டார். கூட வேலை செய்பவர்கள் தன்னைப்போல மாற வேண்டும் என எதிர்பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட்டார். கெடு முடிந்தபின் அது பிடித்துப்போய் வாழ்நாள் உடையானது வேறு விஷயம். தொடங்குகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது துணியை அல்ல. நாள் குறிப்பது, விலக்கு வைப்பது, பிறரை இழுக்காமல் இருப்பது ஆகிய மூன்றையும்தான்.

இன்னொரு மதுரை உதாரணம், டாக்டர் ஜி. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இதைத் தியாகக் கதையாக மட்டும் சொல்வது வழக்கம். ஆனால் அது இத்தனை காலம் நிற்பதற்குக் காரணம் கணக்கு: பணம் கட்டும் நோயாளிகளிடமிருந்து வரும் வருமானம் இலவசச் சிகிச்சையைத் தாங்கும்படி அமைத்தார்கள். கொடுப்பவர் வற்றிவிட்டால் கொடையும் நின்றுவிடும். ‘ஆற்றின் அளவறிந்து ஈக’ என்ற குறளை (477) வள்ளுவர் ஈகை அதிகாரத்தில் வைக்காமல், அரசியலில் வலியறிதலுக்குக் கீழே வைத்தது தற்செயல் என்று தோன்றவில்லை.

எங்கே கெடுகிறது?

முதல் கோளாறு, கொடுக்கும்போது வாயில் ‘கொடை’, மனசில் ‘கடன்’. “எனக்கு ஒண்ணும் வேணாம்டா தம்பி, நீ நல்லா இருந்தா போதும்” என்று அக்கா சொல்கிறாள். தம்பி அதை அப்படியே நம்பிவிடுகிறான். அவனைக் குறை சொல்ல முடியாது, சொன்னதைத்தானே நம்பினான்? பத்து வருஷம் கழித்து அவன் மனைவியோடு தனிக்குடித்தனம் போகும்போது, “உனக்காக நான் அம்புட்டுப் பாடு பட்டேனே” என்று வெடிக்கும். தம்பிக்கு அன்றுதான் தெரிகிறது, இத்தனை நாள் தன் பெயரில் ஒரு கடன் ஓடிக்கொண்டிருந்தது என்று. அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எப்படி அடைப்பது? எதற்கும் பதில் இல்லை. மொய்யில் இந்தச் சண்டை வராது. அங்கே தொகை எழுதியிருக்கிறது.

இரண்டாவது, கேட்காததைக் கொடுப்பது. மகனை மெடிக்கல் சேர்க்க அப்பா தோட்டத்தை விற்கிறார். மகனுக்கோ பாலிடெக்னிக் போதும். மறுக்கவும் முடியாது, படிக்கவும் முடியாது. அப்பாவின் தியாகம் இங்கே பிள்ளையின் தலையில் ஏற்றிய பாரம்.

மூன்றாவது கொஞ்சம் தந்திரமானது. கஷ்டப்பட்டு அடைந்ததை மனம் உயர்வாக மதிக்கும், அது சப்பையாக இருந்தாலும்கூட. 1959-இல் ஆரன்சன், மில்ஸ் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள்: ஒரு குழுவில் சேர அதிகச் சங்கடம் அனுபவித்தவர்களுக்கு, வேண்டுமென்றே சலிப்பாக அமைத்த அந்தக் குழுவின் பேச்சுகூடச் சுவையாகத் தெரிந்தது. ஆகவே ‘இவ்வளவு விட்டிருக்கேன், அப்ப இது உசத்தியாத்தான் இருக்கணும்’ என்ற எண்ணத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. அரசு வேலைத் தேர்வுக்கு ஐந்தாவது ஆண்டாக அறை எடுத்துப் படிப்பவரைத் தொடரச் சொல்வது ஆர்வமா, போன நாலு வருஷமா என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

நான்காவதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். நம் வீடுகளில் தியாகம் முறை வைத்து எல்லோருக்கும் வருவதில்லை. ராத்திரி தோசைக்கல்லைப் பாருங்கள். மாவு தீரும்போது கடைசியாக ஊற்றுவது பாதித் தோசை. சட்டினிச் சட்டியில் மிச்சம் தாளித்த கடுகு. அதைச் சாப்பிடுபவர் யார் என்று கேட்கவே வேண்டாம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. காரணங்கள் பல. மீந்ததைச் சாப்பிடும் பழக்கம் அவற்றைக் குறைக்கப் போவதில்லை. ‘அம்மான்னா தியாகம்’ என்ற பட்டத்தை வழங்குபவர் யார் என்று கவனித்தால், பெரும்பாலும் சூடான தோசை சாப்பிட்டவராக இருப்பார். இரண்டு கரண்டி மாவு கூடுதலாக ஆட்டினால் தீரும் விஷயத்துக்குத் தியாகம் என்ற பெரிய சொல் எதற்கு?

ஓர் அக்காவின் கணக்கு

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் வேலை, மாதம் 13,000 ரூபாய். இளங்கலை முடித்தாயிற்று, மேலே படிக்க ஆசை. தம்பிக்கு இஞ்சினியரிங் இடம் கிடைத்திருக்கிறது, 4 ஆண்டு. அவளுடைய 3 பவுன் சங்கிலியை வங்கியில் வைத்து 1,20,000 ரூபாய் வாங்குகிறார்கள். வட்டி மாதம் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்: 1,200 ரூபாய். ஆண்டு முடிவில் வட்டி கட்டி மாற்றி வைக்க வேண்டும்; விட்டால் ஏல நோட்டீஸ் வரும். 4 ஆண்டில் வட்டி மட்டும் 57,600. சங்கிலி திரும்ப வேண்டுமென்றால் அசலும் வேண்டும்.

பேச்சு வரும் முன்பே அவள் அரைத்தாளில் எழுத வேண்டியவை: எதை விடுகிறேன் (சங்கிலி, 4 ஆண்டு, மேற்படிப்பு), யார் கேட்டது, எந்த மாதம் வரை, வட்டியை எப்போதிலிருந்து யார் கட்டுவது, சங்கிலி திரும்பி வர வேண்டுமா வேண்டாமா. கடைசிக் கேள்விதான் முக்கியம். ‘வேண்டாம்’ என்று எழுத மனம் வந்தால் அது கொடை. இனி அதைப் பற்றிப் பேச்சு கிடையாது. ‘வேண்டும்’ என்று வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை, அது கடன்; கடன் என்றே சொல்ல வேண்டும். அம்மா, அப்பா, தம்பி மூவரும் இருக்கும்போது, “படிப்பு முடியிற வரைக்கும் வட்டிய நான் பாத்துக்கிறேன். வேலைக்குப் போன ஆறாம் மாசத்துல இருந்து நீ கட்டணும், நகையத் திருப்பிக் குடுத்துரணும் தம்பி” என்று சொல்லிவிட்டால் போதும். “என்னத்தா, கூடப்பொறந்தவன்கிட்டயே கணக்குப் பாக்குற?” என்று பெரியவர்கள் யாராவது கேட்பார்கள். மொய் நோட்டை நினைவுபடுத்தலாம்.

அடுத்தது மாதக் கணக்கு. 13,000-இல் வீட்டுக்கு 8,500, வட்டி 1,200, பஸ்ஸும் கைச்செலவும் 1,500. மிச்சம் 1,800. வழக்கமாக அந்த 1,800-உம் ரீசார்ஜ், புத்தகம், உறவு வீட்டு விசேஷம் என்று கரையும். முதல் மாதத்திலிருந்தே அதில் 1,000 ரூபாயை அஞ்சலகத்தில் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போட்டால், 4 ஆண்டில் அசல் மட்டும் 48,000. தொலைநிலையில் முதுகலை படிக்கும் கட்டணத்துக்கு அநேகமாக அது போதும். அஞ்சலக ஆர்.டி. 5 ஆண்டுக் கணக்கு; 3 ஆண்டுக்குப் பிறகு முன்கூட்டியே முடிக்கலாம், வட்டி குறையும். ஆனால் பணத்தைவிட இதில் வேறொன்று இருக்கிறது. தனக்கென்று ஒரு பாஸ்புக் இருக்கும் அக்காவுக்கு, தம்பியின் வெற்றி மட்டுமே தன் வாழ்க்கையின் ஒரே வரவு என்று ஆகாது. அப்படி ஆகிவிட்ட வீட்டில் தம்பிக்கு ஒரு பேப்பர் அரியர் விழுந்தால்கூட இழவு வீடு மாதிரி இருக்கும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த அரைத்தாளை எடுத்துப் பார்க்க வேண்டும். சரியாகப் போகிறதா என்று அறியச் சில அறிகுறிகள் உண்டு. தான் விட்ட கதையை வாரத்துக்கு எத்தனை முறை யாரிடமாவது சொல்கிறாள்? தம்பி புதுச் சட்டை எடுத்தால் விலையைக் கேட்கிறாளா? தூக்கம் எப்படி? தலைவலி, வயிற்றெரிச்சல் என்று அடிக்கடி படுக்கிறாளா? கதை சொல்வது கூடிக்கொண்டே போனால், கொடை என்று எழுதியது கடனாக மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது தாளைத் திருத்தலாம்; வீட்டாரை மறுபடி உட்கார வைத்துப் பேசலாம். பேசாமல் பல்லைக் கடிப்பதுதான் விலை கூடிய வழி.

வாங்கிக்கொள்பவரின் பங்கு

இது சின்ன விஷயம், ஆனால் பலர் தவறவிடுவது. ‘எங்கக்கா தெய்வம்’ என்று ஸ்டேட்டஸ் வைப்பதால் வட்டி குறையாது. அதைவிட, ‘அக்கா, இந்த செமஸ்டர் லீவுல பார்ட் டைம் போய் 6,000 கொண்டாந்துருக்கேன், அஞ்சு மாச வட்டி’ என்பது மேல். விட்டுக்கொடுத்தது இன்னது என்று பெயர் சொல்லி ஒப்புக்கொள்வதும் உதவும்: பொதுவாக ‘நிறைய செஞ்சிருக்க’ என்பதற்குப் பதில், ‘நீ எம்.எஸ்ஸி. சேராம விட்டது எனக்காகத்தான்னு தெரியும்’.

நாள் கடந்துபோனவர்களுக்கு

ஐம்பத்தைந்து வயதில் இதைப் படிப்பவருக்கு அரைத்தாள் எழுதும் காலம் போயிருக்கும். விட்ட படிப்பு, விட்ட கல்யாணம், விட்ட ஊர் எதையும் தம்பியால் இப்போது திருப்பித்தர முடியாது. திருப்பித்தர முடியாததைக் கேட்டால் இருவருக்கும் சண்டைதான் மிஞ்சும். தரக்கூடியதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் கேட்பது நடக்கிற காரியம்: மாதம் இத்தனை ரூபாய், கண் ஆபரேஷனுக்குக் கூட வருவது, மாடியில் ஓர் அறை, இராமேஸ்வரம் ஒரு நடை. கேட்கும்போது பழைய பட்டியலை வாசிக்காமல், வேண்டியதை மட்டும் சொன்னால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். நேரமும் பார்க்க வேண்டும். விசேஷ வீட்டில், சொந்தபந்தம் கூடியிருக்கும்போது, மைக் பக்கத்தில் வேண்டாம். எல்லோரும் ஊருக்குப் போய், பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபின், மூன்றாம் நாள் திண்ணையில் உட்கார்ந்து பேசலாம்.